கிட்டார் பெடல் வாங்கும் முன் அதன் சத்தத்தை ஆன்லைனில் கேட்டுப் பார்த்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பெரம்பூரிலிருந்து:

நான் இங்கே ஒரு சர்ச் பாட்டுக்குழுவில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறேன். போன வருடம் ஓவர்டிரைவ் பெடல் ஒன்று தேவைப்பட்டது, காலால் மிதித்தால் கிட்டார் சத்தத்தை லேசாகக் கரகரப்பாக்கும் சின்னப் பெட்டி. மவுண்ட் ரோடு வரை போய் வந்தேன், தேடிய மாடல் கிடைக்கவில்லை. சரி என்று ஆன்லைன் டெமோக்களில் இறங்கினேன். திரையில் பெடலின் படம் இருக்கும், குமிழைத் திருப்பினால் சத்தமும் மாறும். ஒரே வாசிப்பை ஒவ்வொரு குமிழ் நிலைக்கும் தனித்தனியாகப் பதிந்து வைத்திருக்கிறார்கள். மூன்று ராத்திரி ஹெட்ஃபோனும் கையுமாக உட்கார்ந்து ஒன்றை முடிவு செய்தேன்.

பார்சல் வந்ததும் வீட்டிலுள்ள 10 வாட் ஆம்பில் (கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) மாட்டினேன். ஜலதோஷம் பிடித்தவர் பாடுவதுபோல் சத்தம் மூக்கால் வந்தது. டிரைவ் குமிழைக் குறைத்தேன், டோன் குமிழைக் கூட்டினேன், பேட்டரியைக்கூட மாற்றினேன். அதே மூக்குதான். ஐந்து மாதம் சேர்த்த பணம், வயிறு எரிந்தது.

காரணம் பிறகுதான் பிடிபட்டது. அந்தப் பெடல் 1970களின் கடைசியில் வந்த ஐபனெஸ் கம்பெனியின் டியூப் ஸ்கிரீமர் பெடல் வழியில் செய்தது. அந்த வகைப் பெடல்கள் பேஸ் என்கிற அடிச் சத்தத்தை இறக்கி, 720 ஹெர்ட்ஸ் பக்கமுள்ள நடுச் சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும். சத்தம் ஏற்கெனவே லேசாகக் கரகரக்க ஆரம்பித்திருக்கும் வால்வு ஆம்பின் (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய் வைத்தது) முன்னால் வைத்தால், பெடல் தள்ளத் தள்ள வால்வே பாடும். டெமோவில் இருந்தது அப்படிப்பட்ட ஆம்ப். எனக்குப் பிடித்த சத்தத்தில் பாதிக்குமேல் அந்த ஆம்பும் அதன் முன் வைத்த மைக்கும் கொடுத்தவை. என் டிரான்சிஸ்டர் ஆம்பில் அது எப்படி வரும்?

விற்றுவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கீபோர்டு, பேஸ், டிரம்ஸ் எல்லாம் சேர்ந்து வாசிக்கும்போது மிதித்துப் பார்த்தேன். அத்தனை சத்தத்துக்கு நடுவிலும் கிட்டார் தனியாகத் தெரிந்தது. வீட்டில் மூக்கடைப்பாகக் கேட்ட அதே நடுச் சத்தம்தான்! கீழே பேஸ் கிட்டாருக்கு இடம் விட்டு, தன் இடத்தில் நின்றது. பெடல் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அடுத்து, ஓவர்டிரைவைவிட அதிகம் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடல் தேடியபோது வழியை மாற்றினேன். என் கிட்டாரை எஃபெக்ட் எதுவும் இல்லாமல் ஆடியோ இன்டர்ஃபேஸ் (கிட்டாரைக் கம்ப்யூட்டரில் இணைக்கும் பெட்டி) வழியாக லேப்டாப்பில் ஒரு நிமிடம் பதிந்தேன். நியூரல் ஆம்ப் மாடலர் என்ற இலவச மென்பொருளில், பலர் தங்கள் பெடலின் சத்தத்தைப் பிடித்துப் போட்டிருக்கும் கோப்புகளை ஏற்றலாம். மூன்று பெடல்களை ஏற்றினேன், அதில் ஒன்று 1978இலிருந்து வரும், பாஸ் கம்பெனியின் டிஎஸ்-1. என் பதிவையே மூன்றிலும் ஓட்டினேன். ஒரு விஷயம் முக்கியம்: மூன்றின் ஒலி அளவையும் மீட்டர் பார்த்துச் சமமாக்குங்கள். சத்தம் கூடினாலே காதுக்கு நன்றாக இருப்பதாகத் தோன்றும். அளவைச் சமமாக்கியதும், அதுவரை என்னை மயக்கிக்கொண்டிருந்த ஒன்று சாதாரணமாகிவிட்டது. டிஎஸ்-1தான் என் விரலுக்குச் சரியாக வந்தது. எதிரொலி தரும் டிலே, ஒரே கிட்டாரைப் பலர் வாசிப்பதுபோல் ஆக்கும் கோரஸ் போன்றவற்றுக்கு இந்த மென்பொருள் ஆகாது. அப்புறம், இதில் நேரடியாக வாசிக்கப் போகிறவர்கள் ப்ளூடூத் ஸ்பீக்கரை விட்டுவிடுங்கள். கம்பியைத் தட்டி, சத்தம் வருவதற்குள் தாளம் போய்விடும்.

காசிமேட்டிலிருந்து:

அண்ணா, நான் பட்டது வேறு. நான் கேட்ட டெமோவில் ஒரு துளி இரைச்சல் இல்லை. வீட்டில் மாட்டினால் வண்டு ரீங்காரம் மாதிரி விடாமல் ஒரு சத்தம். எங்களுடையது பழைய வீடு, பிளக் பாயின்ட்டில் மூன்று ஓட்டை இருக்கிறதே தவிர எர்த் கிடையாது. போதாததற்குத் தலைக்கு மேலே சோக் வைத்த டியூப் லைட். என் கிட்டாரில் கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப், ஒற்றைச் சுருள் கொண்ட சிங்கிள் காயில் வகை. கரண்டின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை அது அப்படியே இழுத்துக்கொள்ளும், பெருக்கும் அளவான கெயினைக் கூட்டக் கூட்டப் பெடல் அதையும் சேர்த்துப் பெரிதாக்கும். எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த் போட்டோம், லைட்டையும் மாற்றினோம். இரைச்சல் நிறையக் குறைந்தது. இப்போதெல்லாம் வீடியோவில் வாசிப்பு நிற்கும் இடத்தைத்தான் முதலில் கேட்கிறேன். அங்கே சத்தத்தைச் சட்டென்று வெட்டியிருந்தால் அந்த வீடியோவை நம்புவதில்லை.

கடல் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்று. உப்புக் காற்றில் வயர் சொருகும் ஜாக் சீக்கிரம் கறுக்கிறது, குமிழ் கரகரவென்கிறது. டெமோவில் பெடல் எப்போதும் புத்தம் புதிது. நான் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி போட்ட டப்பாவில் வைக்கிறேன்.

வியாசர்பாடியிலிருந்து:

நான் கானா கச்சேரிகளுக்கு வாசிக்கிறேன். ஹெட்ஃபோனில் கேட்டுக் கோரஸ் பெடல் வாங்கினேன். கேட்டபோது இரண்டு காதுக்கும் நடுவில் அலை மாதிரி ஆடியது. மேடையில் எனக்கு ஒரே ஆம்ப், அதில் அந்த அகலம் இல்லை. விசாரித்தால், சில கோரஸ் பெடல்களில் இரண்டு அவுட்புட் இருக்குமாம். 1976இல் வந்த பாஸ் சிஇ-1லேயே அப்படித்தான்: ஒன்றில் கிட்டார் அப்படியே போகும், மற்றதில் எஃபெக்ட் மட்டும். இரண்டும் காற்றில் கலக்கும்போதுதான் அந்த ஆட்டம் வருகிறது. ஒரு ஆம்ப் வைத்திருப்பவர்கள், போனின் செட்டிங்ஸில் மோனோ ஆடியோவை ஆன் செய்துவிட்டு டெமோவைக் கேளுங்கள். உங்கள் மேடையில் கேட்கப்போவது கிட்டத்தட்ட அதுதான். அண்ணா, எனக்கு அடுத்து ஓவர்டிரைவ் வேண்டும், உங்களுடையது என் ஆம்பில் எப்படி வரும்?

பெரம்பூரிலிருந்து:

தம்பி, மோனோ விஷயம் எனக்குப் புதிது. இப்போதே ஒரு டிலே டெமோவை அப்படிப் போட்டுக் கேட்டேன், ஆள் பாதியாகிவிட்டது. வாங்க நினைத்திருந்ததைத் தள்ளி வைத்துவிட்டேன். உங்கள் ஆம்ப் என்ன வகை, எத்தனை வாட் என்று சொல்லுங்கள். தூக்க முடிகிற ஆம்ப் என்றால், ஜீவா ஸ்டேஷனில் ஏறினால் அடுத்தது பெரம்பூர்தான். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் 11 மணிக்கு மேல் ஹால் காலியாக இருக்கும். உங்கள் கிட்டாரையும் எடுத்து வாருங்கள், பெடலை நான் கொண்டுவருகிறேன்.