நம்ம முன்னாலயே வேற பாஷையில பேசினப்போ: நெல்லைச் சீமை அனுபவங்கள்

கீழப்பாவூர்க்காரி

பழைய நகை உருக்குற இடத்துக்குப் போயிருக்கவங்களுக்கு நான் சொல்றது புரியும். டவுன்ல ரத வீதிக்குப் பின்னால ஒரு சந்து, குறுகலான மாடிப்படி. அண்ணனுக்கு காலேஜ் பீஸ் கட்டணும்னு அம்மா ரெட்டைவடச் செயினைக் கொண்டு போனாங்க. நான் துணைக்கு. கடைக்காரர் உரைகல்லுல தேச்சுப் பாத்துட்டு, உருக்கினாத்தான் மாத்து தெரியும்னு அந்தப் பட்டறைக்கு அனுப்பி வச்சாரு. அங்க ரெண்டு மராட்டிக்காரங்க. எங்ககிட்ட நல்லாவே தமிழ் பேசினாங்க. "உக்காருங்கம்மா"ன்னு ஸ்டூல் இழுத்துப் போட்டாங்க.

செயினை மூசையில போட்டு, வெங்காரம் தூவி, தீயை ஏத்தினாங்க. உருகி உருண்டையா நிக்கயில பெரியவர் அவங்க பாஷையில என்னமோ சொன்னாரு. சின்னவன் நிமிந்து பாத்தான். தங்கத்தைப் பாக்கல. அம்மா கழுத்தைப் பாத்தான். அங்க மஞ்சக் கயிறு மட்டும்தான் கெடந்துச்சு. அவன் ஒத்த வார்த்தை பதில் சொன்னான், பெரியவர் தலையாட்டினாரு. அம்மா முந்தானையை இழுத்துக் கழுத்தைச் சுத்திப் போட்டுக்கிட்டாங்க.

அவ்வளவுதான் நடந்துச்சு. எனக்குப் பிள்ளைங்க பிறந்து அவங்களும் காலேஜ் போயாச்சு, இன்னும் அந்தப் பார்வை மறக்க மாட்டேங்குது. "பாவம்"னு சொன்னாங்களோ, "கொறச்சுச் சொல்லு"ன்னு சொன்னாங்களோ தெரியாது. எதுவா இருந்தாலும் எங்கம்ம முன்னால எங்கம்மைக்குத் தெரியாம சொன்னாங்க. உங்க யாருக்காவது இப்படி நடந்திருக்கா?

வீரவநல்லூர் தறிவீடு

உங்க வருத்தம் நியாயம்தான். ஆனா அந்தப் பக்கத்து ஆளா நானும் ஒண்ணு சொல்லணும். எங்க வீட்டுல சௌராஷ்டிரம். படிச்சது, எழுதுறது, கடன் கேக்கறது எல்லாம் தமிழ்லதான். ஆனா கூடப்பிறந்தவங்களப் பாத்தா வாயில முதல்ல வாரது வீட்டுப் பாஷை.

அப்பாவுக்கு புராஸ்டேட் ஆபரேஷன் ஆகி, யூரின் ட்யூப்போட பாளையங்கோட்டையில கெடந்தாங்க. நானும் அக்காவும் நெல்லை பஸ்ஸுல போறோம். ட்யூபுல ரத்தம் வருது, யாரு ராத்திரி பாத்துக்கிடுறது, இதுதான் பேச்சு. சேரன்மகாதேவி தாண்டுறதுக்குள்ள முன் சீட்டு அம்மா திரும்பி, "என்னைய என்ன பேசுதீய? தைரியமிருந்தா தமிழ்ல பேசுங்க பாப்போம்"ன்னு சத்தம் போட்டுட்டாவ. பஸ்ஸு பூரா எங்களப் பாக்குது. பெத்த தகப்பனோட அந்தச் சங்கதியை அத்தனை பேரு மத்தியில அக்கா எப்படித் தமிழ்ல சொல்லுவா? மடியில இருந்த ஆஸ்பத்திரி பைலைத் தூக்கிக் காட்டினா. அந்தம்மா பைலைப் பாத்தும் கோவம் தணியல. வண்ணாரப்பேட்டை வார வரைக்கும் நாங்க வாயே திறக்கல.

உங்க பட்டறைக்காரங்க "தீயைக் குறை"ன்னு கூடச் சொல்லியிருக்கலாம்லா?

பாளை ஓய்வூதியர்

தொடங்கி வைத்த சகோதரிக்கு வணக்கம். எனக்கும் ஒரு முறை துணிக்கடையில் இதுபோல் நேர்ந்தது. விற்பனையாளர்கள் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள், நான் வாங்காமல் வந்துவிட்டேன்.

ஆனால் நகை விஷயத்தில் நம் மக்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை உள்ளன. முதலாவது, உருக்குவதற்கு முன்பே எடை போட்டு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். கல், அரக்கு கழிந்த பின் ஒரு எடை, உருக்கிய பின் ஒரு எடை, இரண்டும் உங்கள் கண் முன்னால் நடக்க வேண்டும். இப்போது பல கடைகளில் காரட் மீட்டர் இருக்கிறது, நகையை அழிக்காமலேயே மாற்றுப் பார்த்துவிடலாம். விலை ஒத்துவராவிட்டால் நகை நகையாகவே வீட்டுக்குத் திரும்பும், உருக்கிவிட்டால் திரும்பாது. 916 என்றால் நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம், அதாவது 22 காரட். 2021 ஜூன் 16 முதல் ஹால்மார்க் படிப்படியாகக் கட்டாயமாகியது. 2023 ஏப்ரல் 1 முதல் கடைகள் விற்கும் ஹால்மார்க் நகையில் ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. எண், அதாவது அந்த நகைக்கென்றே உள்ள தனி அடையாள எண், இருக்க வேண்டும். எழுத்தும் எண்ணும் கலந்து மிகப் பொடியாக இருக்கும், பூதக்கண்ணாடி கேட்டுப் பாருங்கள். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் காரட் விவரம் வந்துவிடும். இனிமேல் வாங்கும் நகைக்குப் பில்லைப் பத்திரப்படுத்துங்கள். விற்கும்போது வேறு பாஷையில் பேசினால் "எனக்குப் புரியும்படி சொல்லுங்கள்" என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். கேட்க வெட்கப்படக் கூடாது.

கீழப்பாவூர்க்காரி

அண்ணாச்சி, நல்ல விஷயம்தான், குறிச்சு வச்சுக்கிடுதேன். ஆனா நான் விலையைப் பத்திக் கேக்கவே இல்ல.

தறிவீட்டு அண்ணன், தீயைக் குறைன்னா அவன் ஏன் கழுத்தைப் பாக்கான்?

மேலப்பாளையம் சந்தை

எங்க வாப்பா மாட்டு யாவாரம் பண்ணினவங்க. செவ்வாய்க்கிழமை சந்தைக்குச் சின்னதுல என்னையும் கூட்டிட்டுப் போவாங்க. துண்டுக்குள்ள கையை விட்டு விரல் பிடிச்சு விலை பேசுறது பாத்திருப்பீங்க. சுத்தி அம்பது பேரு நின்னாலும் எவ்வளவுக்கு முடிஞ்சதுன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. வாயில ஒரு பேச்சு ஓடும், துண்டுக்குள்ள வேற பேச்சு ஓடும்.

ஒரு நாளு வெளியூரு விவசாயி ஒரு ஜோடிக் காளை கொண்டாந்தாரு. ரெண்டு தரகனும் அவரை விட்டுட்டு தங்களுக்குள்ளேயே துண்டைப் போட்டுக் கை பிடிச்சிட்டாங்க. மாட்டுக்காரரு கயித்தைப் பிடிச்சிக்கிட்டு ரெண்டு பேரு மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பாக்காரு. வாப்பா குறுக்க போயி அந்தத் துண்டை உருவிக் கீழ போட்டாங்க. "மாடு அவருது, மொதல்ல அவரு கையைப் பிடி"ன்னாங்க. அன்னைக்கு வாப்பாவுக்கும் அந்தத் தரகனுக்கும் அடிதடி ஆகப் பாத்துச்சு.

தறிவீட்டு அண்ணன் சொன்னதும் இதுவும் ஒண்ணு கிடையாது. நீங்க பேசினது உங்க அப்பாவைப் பத்தி. பஸ்ஸுல இருந்த அம்மாவுக்கு அதுல பங்கு இல்ல. இங்க செயின் அந்தம்மாவோடது. அவங்க கை துண்டுக்குள்ள இருந்திருக்கணும்.

தாராவி திசையன்விளை

சந்தைக்காரரு சரியாச் சொன்னாரு. தங்கம் உருக்குற மராட்டிக்காரங்க முக்காவாசி மகாராஷ்டிராவுல சாங்லிப் பக்கத்து ஆளுங்க, தமிழ்நாடு பூரா இருக்காங்க. நான் தாராவியில வளந்தவன், மராட்டி தெரியும். அந்த இடத்துல நான் இல்லாமப் போனேனேன்னு இருக்கு.

என் கதை வேற மாதிரி. எங்க ஊருல ஒரு புரோட்டாக் கடையில மாவு பிசையுறது ஒரு வடக்கத்திப் பையன். மீசை இப்பத்தான் அரும்புது. ராத்திரி கூட்டம் வடிஞ்சதும் கல்லாப் பக்கத்துல நின்னு ஸ்பீக்கர்ல அம்மாகிட்ட போன் பேசுவான். இந்தி இங்க யாருக்கு விளங்கப்போகுதுன்னு சத்தமாவே பேசுவான். நான் சால்னாவை ஊத்திக்கிட்டுக் கேட்டுக்கிட்டிருக்கேன். தினமும் மீன் சாப்பிடுதேன், முதலாளி தனி ரூம் குடுத்திருக்காரு, மெத்தை இருக்குன்னு சொல்லுதான். அவன் படுக்கறது கடைக்குள்ள, பெஞ்சு ரெண்டைச் சேத்துப் போட்டு. சாப்பிடுறது மிஞ்சுன புரோட்டாவும் உருளைக்கிழங்கும். அந்தம்மா போன்ல, "அந்த மீனுக்குப் பேரு என்ன"ன்னு கேட்டுது. அவனுக்குச் சொல்லத் தெரியல. தோசைக்கல்லைத் தொடைச்சுக்கிட்டே ஒரு நிமிஷம் நின்னுட்டு, அவங்க ஊரு ஆத்து மீன் ஒண்ணோட பேரைச் சொன்னான்.

எனக்குத் தொண்டைக்குள்ள எறங்கல. நான் இந்தியில ஒரு வார்த்தை பேசினேன்னா அதோட அந்தப் போன் பேச்சு முடிஞ்சிரும். பேசாம எந்திரிச்சு வந்துட்டேன். பேசியிருக்கணுமா, வேண்டாமா?

அம்பை மகள்

எங்க அம்மா சாரா டக்கர் காலேஜ்ல அந்தக் காலத்து பி.யூ.சி. தெருவுல யாருக்கு இங்கிலீஷ்ல மனு எழுதணும்னாலும் எங்க வீட்டுத் திண்ணைக்குத்தான் வருவாங்க. ஆஸ்பத்திரியில அதெல்லாம் யாருக்குத் தெரியும்? நைட்டி, மேல ஒரு துண்டு, கையில ட்ரிப்ஸ் ஊசி. பாட்டின்னுதான் கூப்பிட்டாங்க.

பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தாரு, கூட நாலஞ்சு பேரு. அம்மா தலைக்கு மேலயே இங்கிலீஷ்ல பேசினாங்க. ஈரல் வரைக்கும் பரவிட்டு, ஆபரேஷனால பிரயோஜனமில்ல, பேஷன்டுகிட்ட சொல்ல வேண்டாம், மகனைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லிருங்க. இவ்வளவும் சொல்லி முடிச்சு, தமிழுக்கு வந்து, "ஒண்ணுமில்ல பாட்டி, சீக்கிரம் வீட்டுக்குப் போயிரலாம்"ன்னாரு. அம்மா அவரை நேரே பாத்து, "சரிங்க டாக்டர்"ன்னாங்க. தமிழ்லதான் சொன்னாங்க.

அவங்க அடுத்த கட்டிலுக்குப் போனதும் என் கையைப் பிடிச்சாங்க. "அண்ணனைக் கூப்பிட்டுச் சொல்லப் போறாங்க. அவன் தாங்க மாட்டான், நீ பக்கத்துல போயி நில்லு. எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரிய வேண்டாம். பெட்டிச் சாவி அரிசிப் பானைக்குள்ள கெடக்கு." கடைசி வரைக்கும் அண்ணன் முன்னால ஒண்ணும் தெரியாத மாதிரியே இருந்தாங்க. அண்ணனும் அம்மாவை ஏமாத்திட்டதா நெனச்சு இன்னைக்கும் வெந்துக்கிட்டிருக்கான். அவன்கிட்ட நான் இன்னும் சொல்லல.

டாக்டருங்களுக்கு எவ்வளவு வேலைன்னு எனக்குத் தெரியும். ஆனா ஒரு உசிரோட கணக்கை அது தலைமாட்டுல நின்னு முடிக்கறதா?

செங்கோட்டை நர்ஸ்

அம்பை அக்கா, உங்க அம்மாவை நெனச்சு அழுதுட்டேன். அந்த டாக்டர் செஞ்சது தப்புதான், பேஷன்ட் காதுல விழுற மாதிரிப் பேசியிருக்கவே கூடாது. ஆனா வார்டுல நிக்கிறவ ஒரு விஷயம் சொல்லணும். கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவுல கை நீட்டத்தான் இடம் இருக்கும். தமிழ்ல சொன்னா அடுத்த கட்டிலுக்குத் துணைக்கு வந்தவங்க சாயங்காலத்துக்குள்ள ஊரு முழுக்கக் கொண்டு போயிருவாங்க. தனியாப் பேச ரூம் இல்லாத இடத்துல நாங்க இங்கிலீஷையும் மலையாளத்தையும்தான் திரைச்சீலையாத் தொங்க விடுறோம்.

1956 நவம்பர் 1 வரைக்கும் எங்க செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியில இருந்த ஊரு. மலையாளம் எங்களுக்கு அடுத்த வீடு. குற்றாலத்துல சீசனுக்கு வார கேரளாக்காரங்க பழக்கடை முன்னால நின்னு "இவன் கூட்டிச் சொல்லுதான்"னு மலையாளத்துல பேசும்போது கடைக்காரங்க கேட்டுக்கிட்டேதான் எடை போடுவாங்க.

என் விஷயம் இதுதான். கல்யாணம் ஆகாத ஒரு பிள்ளையை வயித்து வலின்னு கூட்டிட்டு வந்தாங்க. டெஸ்ட் ரிசல்ட் வந்ததும் நானும் கூட இருந்த சிஸ்டரும் மலையாளத்துல மெதுவாப் பேசினோம். கூட வந்த சித்தி, பெரியம்மா யாருக்கும் விளங்கல. கொஞ்ச நேரம் கழிச்சு அந்தப் பிள்ளையோட மாமா டேபிள் கிட்ட வந்தாரு. கையில ரப்பர் பால் கறை. புனலூர்ப் பக்கம் டாப்பிங் வேலை பாக்கறவரு போல. குனிஞ்சு, "சிஸ்டர், ஞான் ஒண்ணும் கேட்டில்ல"ன்னாரு. திரும்பிப் போயி எல்லார்கிட்டயும், "வாயுத் தொந்தரவாம், பயப்பட ஒண்ணுமில்லயாம்"னு சொல்லி, பொம்பளைங்க எல்லாரையும் டீ குடிக்கக் கீழ கூட்டிட்டுப் போயிட்டாரு. டாக்டர் அந்தப் பிள்ளைகிட்டத் தனியாப் பேச அந்த நேரம் போதுமா இருந்துச்சு.

பாளை ஓய்வூதியர்

திசையன்விளை தம்பிக்கு: அந்தப் பையனிடம் உடனே இந்தியில் பேசிவிடுங்கள். ஊர் விட்டு வந்தவனுக்கு ஒரு ஆதரவு வேண்டும். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் அட்டை எடுத்துக் கொடுங்கள். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் அவன் ஊர் ரேஷன் அட்டைக்கு இங்கேயே அரிசி, கோதுமை வாங்க முடியும், அதையும் விசாரித்துச் சொல்லுங்கள். பதினெட்டு வயது ஆகிவிட்டதா என்றும் பாருங்கள்.

தம்பியின் அக்கா

எல்லாரும் மறைவாப் பேச ஒரு பாஷை இருக்கறதைச் சொல்லுதீங்க. என் தம்பிக்குக் காது கேக்காது. பாளையங்கோட்டை காதுகேளாதோர் பள்ளியில படிச்சவன். அவனும் அவன் சேக்காளியும் பஸ் ஸ்டாண்டுல கை பேசினா சுத்தி நிக்கிறவங்க வேடிக்கை பாப்பாங்க. அர்த்தம் தெரியாது, ஆனாலும் பாப்பாங்க. சிலது அதே மாதிரிக் கையை ஆட்டிக் காட்டிச் சிரிக்கும்.

அதனால ரெண்டு பேரும் ஒண்ணு பழகி வச்சிருக்காங்க. பையை நெஞ்சுக்கு நேரா மாட்டிக்கிட்டு, அதுக்குப் பின்னால விரலை மட்டும் அசைச்சு, கையை விரிக்காமப் பேசுவாங்க. மூஞ்சியில ஒண்ணும் காட்ட மாட்டாங்க. நீங்க குசுகுசுன்னு பேசுவீங்கள்லா, அவனுக்கு அது இதுதான். ஒரு நாள் நான் பக்கத்துல நின்னு பாத்துட்டேன். அவனுக்கு ஒரு பொண்ணைப் பிடிச்சிருக்குன்னு சொல்லிக்கிட்டிருந்தான். நான் பாக்கறதைப் பாத்ததும் கையை அப்படியே பைக்குள்ள விட்டுட்டான். அன்னையில இருந்து அவங்க ரெண்டு பேரும் நின்னா நான் வேற பக்கம் திரும்பிக்கிடுவேன்.

திசையன்விளை அண்ணன், பாளை அண்ணாச்சி சொல்றாருன்னு பேசிராதீங்க. அவனுக்குன்னு இருக்கறது அந்தப் பத்து நிமிஷம்தான்.

தாராவி திசையன்விளை

ரெண்டு பேரு சொன்னதையும் யோசிச்சேன். கார்டு, ரேஷன் விஷயத்தைப் பக்கத்துல ஓட்டு வீடு எடுத்துத் தங்கியிருக்க வடக்கத்திக் கொத்தனாருங்ககிட்ட சொல்லியிருக்கேன். அவங்க அவன்கிட்டச் சொல்லுவாங்க. வயசையும் விசாரிக்கச் சொன்னேன். படுக்கற விஷயத்தை முதலாளிகிட்டத் தமிழ்லயே கேட்டாச்சு. மொட்டை மாடி ரூமைக் காலி பண்ணித் தாரேன்னு சொல்லியிருக்காரு, பாப்போம். பையன்கிட்ட நான் பேசுறது "ரெண்டு புரோட்டா, பிச்சுப் போடு", அவ்வளவுதான். சம்பளத்துல கை வச்சாங்கன்னு தெரிஞ்சா மட்டும் அன்னைக்கு அவன் பக்கத்துல நின்னு இந்தியில பேசுவேன்.