45 நிமிடப் பாடத்துக்கு ஆறு பக்கத் திட்டம், எங்கே தப்பு?

புதுவாத்தியார்: செல்டா (CELTA, ஆங்கிலம் கற்பிப்பதற்கான ஆசிரியர் சான்றிதழ்) பயிற்சியில் இரண்டாவது வாரம். நாளை 'யூஸ்டு டு' (used to, முன்பு வழக்கமாகச் செய்து இப்போது விட்டதைச் சொல்வது) நடத்த வேண்டும். போன பாடத்தில் இலக்கணத்தை விளக்கியே 25 நிமிடம் போய், மாணவர்கள் வாய் திறப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து திட்டம் எழுதியும் இந்தக் கதி.

சாக்பீஸ்: பின்னாலிருந்து எழுதுங்கள். கடைசி 15 நிமிடம் அவர்கள் என்ன பேசப் போகிறார்கள் (சின்ன வயதில் எப்படி இருந்தார்கள் என்று ஜோடியாகப் பேசலாம்) என்பதை முதலில் முடிவு செய்தால், அதற்கு எவ்வளவு இலக்கணம் போதும் என்று தானாகத் தெரியும். அப்புறம், விளக்காதீர்கள், கேளுங்கள். "ஐ யூஸ்டு டு ஸ்மோக்" என்று பலகையில் எழுதி, முன்பு புகைத்தேனா, ஒரு தடவையா பல தடவையா, இப்போது புகைக்கிறேனா? ஒரு நிமிட வேலை. "புரிந்ததா?" என்று மட்டும் கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள்.

பழையபெஞ்ச்: சாக்பீஸ் சொன்னது சரி. கூடவே, திட்டத்தில் வரும் 'எதிர்பார்க்கும் சிக்கல்கள்' என்ற கட்டத்தைக் கடமைக்கு நிரப்பாதீர்கள். 'ஐ ஆம் யூஸ்டு டு' என்றால் பழகிவிட்டது என்று பொருள், மாணவர்கள் கட்டாயம் குழப்புவார்கள். முன்னால் 'டிடின்ட்' (didn't) வந்தால் எழுத்தில் 'used' என்பதன் கடைசி 'd' போய்விடும், காதுக்கு வித்தியாசமே தெரியாது. செல்டாவில் மதிப்பிடப்படும் வகுப்பு மொத்தமே 6 மணி நேரம்தான், அதை நீங்களே பேசித் தீர்த்துவிடாதீர்கள்.

புதுவாத்தியார்: திட்டத்தை இரண்டு பக்கமாக வெட்டிவிட்டேன். ஸ்மோக் உதாரணத்தைத் திருடிக்கொள்கிறேன்.