புதுப்பிப்பு: ஆயுள் கைதியின் 14 ஆண்டுகளை எந்த நாளிலிருந்து எண்ணுவது?

மறுமொழி தந்த அனைவருக்கும் நன்றி. தம்புச் செட்டித் தெருவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் பயிற்சி பெறும் நான், கொலை வழக்குக் கைதி ஒருவரின் முன்விடுதலை மனுவுக்குரிய 14 ஆண்டுகளைத் தீர்ப்பு நாளிலிருந்து எண்ணுவதா, கைது நாளிலிருந்தா என்று கேட்டிருந்தேன்.

விசாரணைக் காலச் சிறைவாசத்தைத் தண்டனைக் காலத்தில் கழித்துக்கொள்ள இடந்தரும், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 428ஆம் பிரிவைப் பார்க்கச் சொன்ன நண்பரின் யோசனையே கைகொடுத்தது. அது ஆயுள் தண்டனைக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 1985இல் பகீரத் வழக்கில் கூறியிருக்கிறது. தீர்ப்புக்குப் பின் 13 ஆண்டு 4 மாதம், அதற்கு முன் 11 மாதம், ஆக 14 ஆண்டு 3 மாதம். நன்னடத்தைக்காகக் கிடைத்த கழிவு நாள்களை இதில் சேர்க்கக் கூடாது. நான் முதலில் சேர்த்திருந்தேன்.

எதிர்பாராதது ஒன்று உண்டு. சிறையிலிருந்து வந்த நாமினல் ரோலின் (கைதியின் சிறைவாச விவரப் பட்டியல்) ஓரத்தில், மேல்முறையீட்டின்போது ஜாமீனில் வெளியே இருந்த 47 நாள்கள் பென்சிலால் குறிக்கப்பட்டிருந்தன. நல்லவேளையாக, அவற்றைக் கழித்தும் கணக்குத் தேறியது.

பின்னர் தேடி வருவோருக்கு: குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 1.7.2024 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் பழைய 428 இப்போது 468. தண்டனையைக் குறைக்க அரசுக்கு அதிகாரம் தரும் 432 என்பது 473. இத்தகைய ஆயுள் கைதி குறைந்தது 14 ஆண்டு சிறையில் இருந்தாக வேண்டும் என்னும் 433ஏ என்பது 475. மனு அனுப்பியாயிற்று, உத்தரவு இன்னும் வரவில்லை.