தென்பெண்ணை கடல் சேரும் இடம் குறித்து உதவி தேவை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நான் காவேரிப்பட்டணம் அருகே ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியராகப் பணிபுரிகிறேன். எங்கள் பகுதியில் ஓடும் தென்பெண்ணை, சாத்தனூர் அணையைக் கடந்து கடலூர் அருகே வங்கக் கடலில் கலக்கிறது. அணைகளில் வண்டல் தங்குவதாலும் ஆற்றில் மணல் அள்ளப்படுவதாலும் கடற்கரைக்குச் சேர வேண்டிய மணல் குறைந்து, அரிப்புக்கு வழி ஏற்படுகிறது என்பதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு செயல்திட்டமாகக் கற்பிக்க முயல்கிறேன். சந்தையில் வாங்கும் நெத்திலிக் கருவாட்டைத் தவிர கடலோடு தொடர்பே இல்லாத பிள்ளைகள் அவர்கள். கருவாட்டுப் பொட்டலத்தின் அடியில் கிடந்த மணலை உள்ளங்கையில் ஏந்தி வந்த ஒரு மாணவி, "இது நம்ம ஆத்து மணலா சார்?" என்று கேட்டபோது என்னால் பதில் சொல்ல இயலவில்லை.

கடற்கரையை ஒட்டிய கட்டுமானங்களைக் கட்டுப்படுத்தும் மத்திய அரசின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகளையும் படித்தேன். பட்டா, சிட்டா படித்துப் பழகிய எனக்கே அந்த மொழி கடினமாக இருந்தது. ஊரகப் பகுதிகளில் உயர் அலைக் கோட்டிலிருந்து (பேரலை ஏற்றத்தின்போது கடல்நீர் கரையில் எட்டும் எல்லை) 200 மீட்டராக இருந்த கட்டுமானத் தடை, சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் இடங்களுக்கு 2019 அறிவிக்கையில் 50 மீட்டராகக் குறைக்கப்பட்டுள்ளது. வலை உலர்த்தவும் படகு ஏற்றவும் மீனவர்களுக்கு இருந்த இடம் இதனால் சுருங்குமோ என்பது என் ஐயம்.

கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் உயர் அலைக் கோட்டை இனங்காணும் முறையை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையேன். கடலூர்ப் பக்கத்து உறுப்பினர்கள், முகத்துவாரத்தின் பழைய புகைப்படங்கள் இருந்தால் பகிரவும். அனுபவமுள்ள மீனவர் ஒருவர் ஒரு சனிக்கிழமை அரை மணி நேரம் மாணவர்களோடு தொலைபேசியில் பேச இசைந்தால், நேரத்தை அவர் வசதிப்படியே வைத்துக்கொள்கிறோம்.