கோர் ஸ்கைஃபிஷர் டெக்: கையில் திரும்ப எடுக்கும் நிபந்தனையே என்னைத் தோற்கடிக்கிறது, வழி சொல்லுங்கள்

காரைக்குடிப் புதியவன்:

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடியையும் கானாடுகாத்தானையும் சேர்ந்த நண்பர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வீட்டின் முகப்பில் கூடி மேஜிக்: தி கேதரிங் என்னும் கார்டு விளையாட்டை ஆடி வருகிறோம். விலை கூடிய கார்டுகளை வாங்கும் வசதி எங்களில் எவருக்கும் இல்லாததால், ஒரு முறையேனும் காமன் தரத்தில் வெளிவந்த கார்டுகளை மட்டும் அனுமதிக்கும் பாப்பர் முறையைப் பின்பற்றுகிறோம்.

என்னுடைய டெக் (ஆட்டத்துக்கான 60 கார்டுகளின் கட்டு) கோர் ஸ்கைஃபிஷர் என்னும் கார்டை நம்பிக் கட்டப்பட்டது. இரண்டு மானாவுக்கு (கார்டை ஆடச் செலவிடும் ஆற்றல்) 2/3 அளவில் (தாக்கும் வலு 2, தாங்கும் வலு 3) பறக்கும் கிரீச்சர் (போரிடும் உயிரி) கிடைப்பது பாப்பரில் பெரிய லாபம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது களத்தில் இறங்கியவுடன், நம்முடைய பெர்மனெண்ட் (களத்தில் நிலைத்து இருக்கும் கார்டு) ஒன்றைக் கட்டாயமாகக் கைக்குத் திருப்பி எடுக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே வருகிறது. இரண்டாம் டர்னில் அதை இறக்கினால் திருப்பி எடுப்பதற்கு, மானா தரும் கார்டான லேண்டைத் தவிர வேறெதுவும் இருப்பதில்லை. எதிராளி மூன்று லேண்டுகளுடன் ஆடும்போது நான் இரண்டோடு நிற்கிறேன். இதற்குத் துணையாகச் சேர்த்த கிளிண்ட் ஹாக் இன்னும் மோசம். ஆர்டிஃபாக்ட் (பொருள் வகைக் கார்டு) ஒன்றைக் கைக்குத் திருப்பாவிட்டால் அதையே பலி கொடுக்க வேண்டும் என்பதால், பெரும்பாலான ஆட்டங்களில் அது கையிலேயே தங்கிவிடுகிறது.

தற்போதைய டெக்கில் ஸ்கைஃபிஷர், கிளிண்ட் ஹாக், ஸ்குவாட்ரன் ஹாக், பேலஸ் சென்டினல்ஸ், பேட்டில் ஸ்க்ரீச், லைட்னிங் போல்ட், கால்வனிக் பிளாஸ்ட், ஃபயர்போல்ட், ஜர்னி டு நோவேர் ஆகியவை நான்கு நான்கும், எக்ஸ்பெரிமெண்டல் சிந்தசைசர் இரண்டும் உள்ளன. லேண்டுகள் 22: ஏன்ஷியண்ட் டென் 4, விண்ட்-ஸ்கார்டு கிராக் 4, போரோஸ் காரிசன் 2, பிளெயின்ஸ் 7, மவுண்டன் 5.

இந்த நிபந்தனையின் பாதிப்பைக் குறைக்கும் கார்டு ஏதேனும் உண்டா என்பது என் முதல் கேள்வி. இரண்டாவது, எங்கள் குழுவில் தீராமல் கிடக்கும் ஒரு வழக்கு. களத்தில் இருக்கும் ஜர்னி டு நோவேரை ஸ்கைஃபிஷரால் கைக்கு எடுத்துவிட்டால், அதன் அடியில் எக்ஸைலில் (களத்துக்கு வெளியே ஒதுக்கிவைக்கும் இடம்) உள்ள எதிராளியின் கிரீச்சர் திரும்பவே வராது என்று ஒருவர் உறுதியாகச் சொல்கிறார். அது சரியா?

கானாடுகாத்தான் கணக்கர்:

தம்பி, பாதிப்பைக் குறைக்கும் கார்டைத் தேடுகிறீர்கள். தேட வேண்டியது, கைக்குத் திரும்பி வருவதால் லாபம் தரும் கார்டை. நம் ஊர்ப் பேரேட்டில் ஒரு கடனைத் தனியாக வைத்து நல்லது கெட்டது பார்ப்பதில்லை; அது எதில் போட்டு என்ன ஈட்டியது என்பதையும் சேர்த்தே ஐந்தொகை எடுப்பார்கள். ஸ்கைஃபிஷர் கேட்பது கடன்தான். உங்கள் டெக்கில் அந்தக் கடன் போய் விழுகிற இடம் எப்போதும் லேண்டாக இருப்பதால் நஷ்டமாகத் தெரிகிறது.

எண்ணிக்கையைப் பாருங்கள். உங்களிடம் ஆர்டிஃபாக்ட்டாகக் கணக்கில் வருபவை ஏன்ஷியண்ட் டென் நான்கும் சிந்தசைசர் இரண்டும் மட்டுமே. 60 கார்டுகளில் 6 என்றால், முதலில் ஆடுபவர் இரண்டாம் டர்ன் வரை பார்க்கும் 8 கார்டுகளில் ஓர் ஆர்டிஃபாக்ட்கூட இல்லாமல் போவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 41 விழுக்காடு. கிளிண்ட் ஹாக் கையிலேயே தங்குவதற்கு இதற்கு மேல் காரணம் தேட வேண்டாம். மூன்று ஆர்டிஃபாக்ட்டுகள் களத்தில் இருந்தால் 4 சேதம் தர வேண்டிய கால்வனிக் பிளாஸ்ட்டும் இதே காரணத்தால்தான் உங்களிடம் 2 சேதத்தோடு நின்றுவிடுகிறது.

நான் செய்யச் சொல்லும் மாற்றம் இது. ஸ்குவாட்ரன் ஹாக் நான்கையும், பேட்டில் ஸ்க்ரீச் நான்கையும், சென்டினல்ஸ் இரண்டையும் எடுத்துவிடுங்கள். அந்தப் பத்து இடங்களில் சிந்தசைசர் இரண்டு, திராபென் இன்ஸ்பெக்டர் நான்கு, இகோர் வெல்ஸ்பிரிங் நான்கு வரட்டும். இன்ஸ்பெக்டர் ஒரு மானாவுக்கு இறங்கி ஒரு க்ளூ டோக்கனைத் (கார்டு அல்லாத, களத்தில் மட்டும் இருக்கும் அடையாளம்) தருகிறது. ஸ்கைஃபிஷரால் இன்ஸ்பெக்டரைக் கைக்கு எடுத்து மீண்டும் இறக்கினால் இன்னொரு க்ளூ. க்ளூ ஆர்டிஃபாக்ட் என்பதால், கிளிண்ட் ஹாக்கின் நிபந்தனைக்கு அதையே கொடுக்கலாம். டோக்கன் கைக்குப் போனதும் இல்லாமல் போகும், ஆனால் நிபந்தனை நிறைவேறிவிடும். வெல்ஸ்பிரிங் களத்தில் இறங்கும்போது ஒரு கார்டு தருகிறது. ஆகவே திரும்ப இறக்கினால் இன்னொன்று.

லேண்டுகளில் காரிசனை எடுத்துவிடுங்கள். தானே ஒரு லேண்டைத் திருப்பி எடுக்கச் சொல்லும் கார்டு, அதே வேலையைச் செய்யும் எட்டுக் கிரீச்சர்களுக்கு நடுவில் வேண்டாம். ஏன்ஷியண்ட் டென் 4, கிரேட் ஃபர்னஸ் 4, ரஸ்ட்வேல் பிரிட்ஜ் 4, கிராக் 2, பிளெயின்ஸ் 5, மவுண்டன் 3 என்று வைத்தால் 22 சரியாக வரும். டென், ஃபர்னஸ், பிரிட்ஜ் மூன்றும் ஆர்டிஃபாக்ட் லேண்டுகள் என்பதால், சிந்தசைசரையும் வெல்ஸ்பிரிங்கையும் சேர்த்து இப்போது ஆர்டிஃபாக்ட்டுகள் 20; மேலே சொன்ன 41 விழுக்காடு சுமார் 3 விழுக்காடாக இறங்கிவிடும், அதிலும் இன்ஸ்பெக்டரின் க்ளூவை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

ஆனால் பட்டியலை மாற்றினால் மட்டும் போதாது, இறக்கும் வரிசையும் மாற வேண்டும். உங்கள் ஆட்டத்தை நான் பார்த்ததில்லை என்றாலும், பெரும்பாலானோர் டர்ன் தொடங்கியதும் பழக்கத்தின் காரணமாக முதலில் லேண்டை வைத்துவிடுகிறார்கள். இந்த டெக்கில் மூன்றாம் டர்னிலிருந்து லேண்டைக் கடைசியில் வையுங்கள். களத்தில் இரண்டு லேண்டுகள் இருக்கின்றன என்று கொள்வோம்: இரண்டையும் டேப் செய்து (மானாவுக்காகப் பக்கவாட்டில் திருப்பி) ஸ்கைஃபிஷரை இறக்கி, டேப் செய்த லேண்டு ஒன்றைக் கைக்கு எடுத்து, அதையே அந்த டர்னுக்குரிய லேண்டாக மீண்டும் வைத்தால் அது டேப் ஆகாமல் வருகிறது, அதைக் கொண்டு ஒரு போல்ட்டும் போட முடிகிறது. மூன்றாவது லேண்டு கையில் இல்லாத டர்னில் இதைவிட நல்ல ஆட்டம் கிடையாது. டேப் ஆகியே களத்துக்கு வரும் பிரிட்ஜிலும் கிராக்கிலும் இது நடக்காது. கிராக்கைத் திருப்பினால் ஓர் உயிர்ப்புள்ளி கூடும், அவ்வளவே.

சிந்தசைசரில் இந்த வரிசை இன்னும் முக்கியம். அது களத்துக்கு வரும்போதும் களத்தை விட்டுப் போகும்போதும் டெக்கின் மேல் கார்டை எக்ஸைல் செய்து, அந்த டர்ன் முடியும் வரை அதை ஆட அனுமதிக்கிறது. முதல் டர்னில் லேண்டை வைத்து உடனே சிந்தசைசரை இறக்கினால், வெளிவரும் கார்டை ஆட மானாவும் இருக்காது, லேண்டு வைக்கும் உரிமையும் தீர்ந்திருக்கும்; ஒரு கார்டு வீணாகும். இரண்டாம் டர்னில், லேண்டை வைக்கும் முன்பே, ஏற்கெனவே உள்ள சிவப்பு லேண்டால் அதை இறக்குங்கள். வெளிவருவது லேண்டாக இருந்தால் அதையே வைத்துக்கொண்டு கையில் உள்ளதை மிச்சப்படுத்தலாம். மூன்றாம் டர்னில் ஸ்கைஃபிஷர் அதைக் கைக்கு எடுக்கும்போது இன்னொரு கார்டு வெளிவரும். அது லேண்டாக இருந்தால் அதையும், இல்லையென்றால் கையிலுள்ள லேண்டையும் வைத்து, மிஞ்சும் ஒரு மானாவில் வெளிவந்த போல்ட்டையோ, திரும்பி வந்த சிந்தசைசரையோ ஆடலாம்.

பள்ளத்தூர் விதிப்புத்தகம்:

ஜர்னி பற்றிய வழக்கைத் தீர்த்துவைக்கிறேன். உங்கள் நண்பர் சொல்வது ஸ்கைஃபிஷரைப் பொறுத்தவரை சரியல்ல. அந்தக் கார்டில் இரண்டு தனித்தனி டிரிகர்கள் (ஒன்று நடந்தால் தானாகக் கிளம்பும் திறன்கள்) எழுதப்பட்டுள்ளன. களத்துக்கு வரும்போது ஒரு கிரீச்சரை எக்ஸைல் செய்வது முதலாவது. களத்தை விட்டுப் போகும்போது அந்தக் கிரீச்சரைத் திருப்பித் தருவது இரண்டாவது. முதல் டிரிகர் இன்னும் ஸ்டாக்கில் (கடைசியாக வந்தது முதலில் நிறைவேறும் வரிசை) காத்திருக்கும் நேரத்திலேயே ஜர்னி களத்தை விட்டுப் போய்விட்டால், இரண்டாவது டிரிகர் முந்திக்கொண்டு, திருப்பித் தருவதற்கு எதுவும் இல்லாமல் முடிந்துவிடும். அதன் பிறகு எக்ஸைல் ஆகும் கிரீச்சர் என்றைக்கும் திரும்பாது. நண்பர் கேள்விப்பட்டது இதுவாகத்தான் இருக்கும். ஆனால் அதற்கு இன்ஸ்டண்ட் வேகத்தில் (இடையில் குறுக்கிட்டு) ஜர்னியை அப்புறப்படுத்த வேண்டும். ஸ்கைஃபிஷர், ஸ்டாக் காலியாக இருக்கும்போது நம்முடைய மெயின் ஃபேஸில் (டர்னில் கார்டுகளை இறக்கும் கட்டம்) மட்டுமே ஆடக்கூடிய சாதாரணக் கிரீச்சர் என்பதால், அது வருவதற்குள் முதல் டிரிகர் முடிந்துபோயிருக்கும். ஆகவே எதிராளியின் கிரீச்சர் அவருடைய களத்துக்குத் திரும்பும், களத்துக்கு வரும்போது நடக்கும் திறன் அதற்கு இருந்தால் அதுவும் மீண்டும் நடக்கும். களத்துக்கு வரும்போது இரண்டு கார்டுகள் தரும் மல்டிரிஃப்டர் மீது வைத்த ஜர்னியைக் கைக்கு எடுத்தீர்கள் என்றால் எதிராளிக்கு இரண்டு கார்டுகளை நீங்களே எடுத்துக் கொடுத்ததாக ஆகும்.

ஜர்னியைத் திருப்பி எடுப்பது முழு லாபமாகும் சூழ்நிலை ஒன்று இருக்கிறது. எக்ஸைல் ஆனது டோக்கனாக இருந்தால் அது அப்போதே இல்லாமல் போய்விட்டது; ஜர்னியை எடுத்தாலும் எதுவும் திரும்பாது, கையில் ஜர்னி மட்டும் மிஞ்சும். முன்பு சிறிய கிரீச்சர் மீது வைத்ததை இப்போது வந்திருக்கும் பெரியதன் மீது மாற்றுவதும் நியாயமான பயன்தான், சிறியது திரும்பி வரும் என்பதை ஏற்றுக்கொண்டு செய்தால்.

இன்னொன்றையும் உங்கள் குழுவில் சொல்லிவையுங்கள், இதில் பலர் தடுமாறுகிறார்கள். ஸ்கைஃபிஷரின் திறன் எதையும் குறிவைப்பதில்லை. எதைக் கைக்கு எடுப்பது என்பதை அந்தத் திறன் நிறைவேறும் நேரத்தில்தான் தேர்ந்தெடுக்கிறீர்கள், முன்கூட்டி எதிராளியிடம் அறிவிக்க வேண்டியதில்லை. திறன் ஸ்டாக்கில் இருக்கும்போது எதிராளி போல்ட் போட்டு ஸ்கைஃபிஷரைக் கொன்றுவிட்டாலும் கடமை நீங்காது. ஒரு பெர்மனெண்ட்டைக் கைக்கு எடுத்தே ஆக வேண்டும். ஸ்கைஃபிஷர் உயிரோடு இருந்து, வேறு எதையும் எடுக்க மனமில்லை என்றால், அதையே கைக்கு எடுக்கவும் விதி இடம் தருகிறது. கிளிண்ட் ஹாக்கில் ஆபத்து வேறு விதமானது: களத்தில் ஒரே ஓர் ஆர்டிஃபாக்ட்டை நம்பி அதை இறக்கினால், எதிராளி அந்த ஆர்டிஃபாக்ட்டை இடையில் அழித்து இரண்டையும் ஒரே கார்டில் போக்கிவிடுவார். இரண்டு ஆர்டிஃபாக்ட்டுகள் இருக்கும்போது இறக்குவது நல்லது.

காரைக்குடிப் புதியவன்:

அண்ணனுக்கும் அக்காவுக்கும் மிக்க நன்றி. வரிசையை மாற்றியதே பெரிய வித்தியாசத்தைக் காட்டுகிறது. லேண்டைக் கடைசியில் வைப்பது இன்னும் கைப்பழக்கமாகவில்லை.

இரண்டு சந்தேகங்கள் மீதம் உள்ளன. பேட்டில் ஸ்க்ரீச் எனக்குப் பல ஆட்டங்களை வென்று தந்த கார்டு. அதில் இரண்டையாவது வைத்துக்கொள்ளக் கூடாதா? அடுத்தது, எங்கள் குழுவில் ஒருவரிடம் ஆர்டிஃபாக்ட்டுகளை ஒழிக்கும் கொரில்லா ஷாமனும் டஸ்ட் டு டஸ்ட்டும் உண்டு. 12 ஆர்டிஃபாக்ட் லேண்டுகளோடு அவருக்கு எதிரே உட்காருவதை நினைத்தால் தயக்கமாக இருக்கிறது. பிரிட்ஜ் நான்கையும் வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டியிருப்பதால், வாங்கும் முன் கேட்டுவிடலாம் என்று எண்ணினேன்.

கானாடுகாத்தான் கணக்கர்:

ஸ்க்ரீச் நல்ல கார்டு என்பதில் ஐயமில்லை. நான்கு மானாவுக்கு இரண்டு பறவைகள், பிறகு மூன்று வெள்ளைக் கிரீச்சர்களை டேப் செய்தால் கிரேவ்யார்டிலிருந்து (ஆடி முடித்த கார்டுகளின் குவியல்) மீண்டும் இரண்டு. நான் அதை எடுக்கச் சொன்னதற்குக் காரணம் சிந்தசைசர். மூன்றாம் டர்னில் சிந்தசைசர் வெளிக்கொண்டுவரும் கார்டு நான்கு மானா கேட்டால், அந்த டர்ன் முடிந்ததும் அது எக்ஸைலிலேயே கிடக்கும்; கிரேவ்யார்டுக்கும் போகாததால் மறுமுறை ஆடும் வழியும் அடைபட்டுவிடும். சென்டினல்ஸை இரண்டாகக் குறைத்ததும் இதற்காகவே. அதை முழுவதுமாக எடுக்காமல் விட்டதற்குக் காரணம் அது தரும் மோனார்க் பதவி (வைத்திருப்பவர் தம் டர்ன் முடிவில் கூடுதலாக ஒரு கார்டு எடுப்பார்): எதிராளி அதைப் பறித்துக்கொண்டால், ஸ்கைஃபிஷரால் சென்டினல்ஸைக் கைக்கு எடுத்து மீண்டும் இறக்கிப் பதவியைத் திரும்பப் பெறலாம். ஸ்க்ரீச்சை விட மனமில்லை என்றால் அதற்கென்று சிந்தசைசர் இல்லாத வேறொரு டெக்கைக் கட்டுங்கள். இரண்டையும் ஒரே டெக்கில் வைத்தால் ஒன்று மற்றொன்றைத் தின்னும்.

பிரிட்ஜை வாங்கலாம். கொரில்லா ஷாமன் ஒரே மானாவில் ஏன்ஷியண்ட் டென்னையும் ஃபர்னஸையும் அழிக்கும், ஆனால் பிரிட்ஜ் அழியாத் தன்மை உடையது. வாங்கும் வரை அச்சிட்ட மாற்றுக் கார்டை உறையில் போட்டு ஆடிப் பாருங்கள். நண்பர்கள் ஆட்டத்துக்கு அது போதும், அங்கீகரிக்கப்பட்ட போட்டியில் செல்லாது.

பள்ளத்தூர் விதிப்புத்தகம்:

டஸ்ட் டு டஸ்ட் அழிப்பதில்லை, இரண்டு ஆர்டிஃபாக்ட்டுகளை எக்ஸைல் செய்கிறது. எனவே பிரிட்ஜும் அதற்குத் தப்பாது. அது மூன்று மானா கேட்கும் சோர்சரி என்பதால், எதிராளி அதை அவருடைய டர்னில்தான் ஆட முடியும், உங்கள் கிளிண்ட் ஹாக் இறங்கும்போது இடைமறிக்க முடியாது. அந்த நண்பருக்கு எதிரான இரண்டாம் ஆட்டத்தில் ஃபர்னஸ் இரண்டை வெளியே எடுத்துவிட்டு, சைட்போர்டின் (ஆட்டங்களுக்கு இடையே மாற்றிக்கொள்ளும் உபரிக் கார்டுகள்) 15 இடங்களில் மவுண்டன் இரண்டை வைத்திருந்து உள்ளே கொண்டுவாருங்கள். சாதாரண லேண்டும் ஆர்டிஃபாக்ட் லேண்டும் கையில் ஒருசேர இருந்தால், அவர் மூன்று மானாவை எட்டும் வரை சாதாரண லேண்டையே முதலில் வையுங்கள். ஷாமன் இறங்கிவிட்டால் டென்னையும் ஃபர்னஸையும் கிளிண்ட் ஹாக்குக்குக் கொடுக்க வேண்டிய டர்னில் மட்டும் களத்துக்குக் கொண்டுவருவது நலம்.

பிரிட்ஜ் வந்து சேர்ந்ததும் உறையில் போடாமல் அந்த முகப்பில் எடுத்து வைக்காதீர்கள் தம்பி. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் என்றால் கந்தரப்பத் தட்டு வராமல் இருக்காது, எண்ணெய்க் கை பட்ட கார்டைக் குலுக்கும்போது மேலிருந்தே அடையாளம் தெரியும்.