மறு: இணையக்கடைத் தமிழாக்கக் கோப்பில் ‘லேண்டட் காஸ்ட்’ (வெளிநாட்டுப் பொருள் கைக்கு வந்து சேர ஆகும் மொத்தச் செலவு) – தமிழில் என்ன வைக்கலாம்?

> ‘தரையிறங்கு செலவு’ என்றே வைத்துவிடலாமே, மூலத்துக்கு நெருக்கமாக இருக்கிறது.

நெருக்கம்தான். ஆனால் படிப்பவருக்கு விமானம்தான் ஞாபகம் வரும். திருநெல்வேலி டவுன் கடைத்தெருவில் இந்தக் கணக்குக்கு ஏற்கெனவே சொல் இருக்கிறது. கொள்முதல் விலை, வண்டிச்சத்தம், இறக்குக்கூலி எல்லாம் சேர்ந்து சரக்கு கடைக்குள் வந்து விழும் விலை ‘அடக்கம்’. “அடக்கமே நூத்திருபது ஆவுது, நூறுக்கு எப்படித் தர?” என்று கேட்காத கடைக்காரர் உண்டா? ஆகவே என் முன்மொழிவு: இறக்குமதி அடக்கம். (இழவு வீட்டு ‘அடக்கம்’ வந்து குழப்பும் என்று யாராவது எழுதுவீர்கள். முன்னால் ‘இறக்குமதி’ நிற்கும்போது குழப்பாது.)

எனக்கு இதைவிடப் பெரிய உறுத்தல் ‘இம்போர்ட் சார்ஜஸ்’. கோப்பில் ‘இறக்குமதிக் கட்டணம்’ என்று இருக்கிறது. அரசுக்குப் போகும் பணமும் கூரியர்காரர் எடுத்துக்கொள்ளும் பணமும் அந்த ஒரே சொல்லுக்குள் கிடக்கின்றன. ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். பொருள் 10,000 ரூபாய், அனுப்பும் செலவும் காப்பீடும் 2,000. தீர்வை இந்த 12,000-க்கும் சேர்த்துத்தான், பொருள் விலைக்கு மட்டும் அல்ல. அடிப்படைச் சுங்கத் தீர்வை 10% என்று வைத்தால் 1,200. அதன் மேல் சமூகநல மேல்வரி பத்தில் ஒரு பங்கு, 120. இப்போது 13,320 ஆயிற்றா, இந்தத் தொகைக்கு 18% ஐஜிஎஸ்டி (ஒருங்கிணைந்த சரக்கு, சேவை வரி) 2,397.60. அதாவது வரிக்கும் வரி. (விகிதம் பொருளுக்குப் பொருள் மாறும்.) அப்புறம் கூரியர்காரர், நமக்காகத் தீர்வையை முன்கூட்டிக் கட்டியதற்கு என்று 500 போட்டு, அதற்கும் ஜிஎஸ்டி 90 சேர்ப்பார். அடக்கம் 16,307.60.

கடைசி 590-ஐப் பார்த்துவிட்டுத்தான் ஜனங்கள் “கஸ்டம்ஸ்காரன் புடுங்கிட்டான்” என்கிறார்கள். முதல் மூன்றும் ‘தீர்வையும் வரியும்’, கடைசி மட்டும் ‘முன்கட்டுக் கூலி’ என்று பிரித்துக் காட்டினால் யாரிடம் சண்டை போடுவது என்றாவது தெரியும்.

> ‘சுங்கக் கட்டணம்’ போதாதா? அல்லது ‘உல்கு’?

‘சுங்கக் கட்டணம்’ என்றால் நாங்குநேரி டோல்கேட்டில் கட்டுவது என்றுதான் நம்மூரில் அர்த்தம். ‘உல்கு’ அழகான சொல். 756-ஆம் குறளில் ‘உல்குபொருள்’ வருகிறது, கலத்திலும் காலிலும், அதாவது கடல்வழியும் நிலவழியும், வரும் பண்டங்களுக்கான இறை (வரி) என்று பரிமேலழகர் விளக்கமும் தருகிறார். ஆனால் பணம் கட்டும் பக்கத்தில் அகராதி தேட வைக்கக் கூடாது. ‘தீர்வை’ அப்படியில்லை, வீட்டுத் தீர்வை ரசீதை எல்லோரும் பீரோவில் வைத்திருக்கிறோம்.

– பாளையங்கோட்டை

---

அடக்கம் சரி, தீர்வையும் சரி. ‘கூலி’ வேண்டாம் தம்பி, சுமை தூக்கின கணக்காக இருக்கிறது. ‘முன்கட்டுக் கட்டணம்’ என்று போடுங்கள்.

இன்னொன்று. ‘கிஃப்ட்’ என்ற பெட்டிக்கு ‘தீர்வையில்லா அன்பளிப்பு’ என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். உடனே எடுங்கள். 5,000 ரூபாய் வரை இருந்த அந்தச் சலுகை 2019 டிசம்பரோடு போயிற்று. ராக்கியும் உயிர்காக்கும் மருந்தும்தான் விதிவிலக்கு. எங்கள் தெருவில் இன்றைக்கும் துபாய் பார்சல் மேல் ‘கிஃப்ட்’ என்று எழுதச் சொல்கிறார்கள், நாமும் சேர்ந்து ஏமாற்ற வேண்டாம்.

– மேலப்பாளையம்

---

ஆகட்டும் அண்ணாச்சி. ‘கட்டு’ இரண்டு தடவை வருவது கொஞ்சம் இடிக்கிறது, இருந்தாலும் ‘முன்கட்டுக் கட்டணம்’ என்றே ஏற்றுகிறேன். அந்தப் பெட்டியில் வெறும் ‘அன்பளிப்பு’, கீழே ‘தீர்வை உண்டு’ என்று சின்ன எழுத்தில். ஞாயிறு வரை மறுப்பு வராவிட்டால் கோப்பைப் பூட்டிவிடுவேன். பொருளைத் திருப்பி அனுப்பும்போது, கட்டிய தீர்வையைக் கேட்டு வாங்குகிற ‘டிராபேக்’குக்குத் தனி இழை தொடங்குங்கள், ‘தீர்வை மீட்பு’ என் பங்குக்கு.