பன்றிமயிர் பிரஷ்ஷா, பேட்ஜர் பிரஷ்ஷா? பயன்படுத்தியவர்களின் அனுபவங்கள்

தொடக்கப் பதிவு

பன்றிமயிர் ஷேவிங் பிரஷ் எப்படி என்று யார் கேட்டாலும், "முகத்தைக் குத்தும், வாடை அடிக்கும், கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு நல்ல பேட்ஜருக்கு மாறிவிடுங்கள்" என்றுதான் பதில் வருகிறது. பன்றிமயிர் பிரஷ், பேட்ஜர் என்னும் வளையில் வாழும் விலங்கின் மயிரில் செய்த பிரஷ் இரண்டையும் பல ஆண்டுகளாக மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறேன். இந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. பன்றிமயிர் பிரஷ் பழகி வருவதற்கு நாளாகும். அதற்குள் அதை ஓரங்கட்டியவர்களின் தீர்ப்புதான் ஊரெல்லாம் உலவுகிறது.

என்னிடம் இருப்பது இத்தாலியின் ஃபோர்லி நகரத்து ஒமேகா நிறுவனத்தின் 10049. முடிதிருத்துநர்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட பெரிய பிரஷ். வந்த புதிதில் ஈரமில்லாமல் புறங்கையில் தேய்த்துப் பார்த்தபோது சொரசொரவென்று இருந்தது. நனைத்த பிறகும் மயிர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விரிய மறுத்தன. நுரை வேறு பாதியில் காணாமல் போகும். ஒரு கன்னத்துக்கு வழிய வழிய வரும். அடுத்த கன்னத்துக்குப் போவதற்குள் பிரஷ் அதை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். புதுப் பன்றிமயிர் பிரஷ் எதுவானாலும் இந்தக் கட்டத்தைத் தாண்டித்தான் வர வேண்டும்.

வாரங்கள் செல்லச் செல்ல நடப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். காய்ந்த பிரஷ்ஷை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நுனிகளை உற்றுப் பாருங்கள். ஒற்றையாக இருந்த நுனி இரண்டாக, மூன்றாகப் பிளந்து, ஒவ்வொரு கிளையும் கண்ணுக்குத் தெரிவதே கடினம் என்னும் அளவுக்கு மெலிந்திருக்கும். தண்டுப் பகுதி மட்டும் பழைய தடிமனிலேயே நிற்கும். நுனியில் மென்மை, நடுவில் விறைப்பு. இந்தச் சேர்க்கைக்காகத்தான் பன்றிமயிரை விரும்புகிறேன். பேட்ஜரில் இதைப் பெற வேண்டுமானால் அடர்த்தியான இருபட்டை மயிர்க்கற்றைக்கு, அதாவது ஒவ்வொரு மயிரிலும் இரண்டு நிறப் பட்டைகள் தெரியும் கற்றைக்கு, போக வேண்டும். அதன் விலை எங்கோ நிற்கும்.

தண்ணீரை வைத்துக்கொள்ளும் விதமும் வேறு. பன்றிமயிர் தன் தண்டுக்குள் நீரை உறிஞ்சி இளகுகிறது. ஊறவைக்காமல் அதைக் கையில் எடுப்பதில் பயனே இல்லை. குளிக்கப் போகும்போது நீரில் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்து எடுத்தால் சரியாக இருக்கும். பேட்ஜர் மயிரோ நீரைப் பெரும்பாலும் மயிர்களுக்கு இடையில் பிடித்துவைக்கிறது. நனைத்து ஓர் உதறு உதறினால் வேலைக்குத் தயார். நேரமில்லாத காலை வேளைகளில் நான் பேட்ஜரை எடுப்பது இதனால்தான்.

கெட்டிச் சோப்பு என்று வந்துவிட்டால் நிலைமை தலைகீழ். அதன் மேல் என் சில்வர்டிப் (வெண்ணுனி கொண்ட உயர்தர வகை) பேட்ஜரைச் சுழற்றினால் மயிர் மடிந்து படுத்துவிடுகிறது. சோப்பு ஏறுவதற்கு நேரமாகிறது. பன்றிமயிர் நிமிர்ந்து நின்று சுரண்டி எடுக்கிறது. எடுத்ததை முகத்துக்குத் தாராளமாகக் கொடுத்தும்விடுகிறது. அடர்த்தியான பேட்ஜர் நுரையை அடியில் பதுக்கிக்கொள்ளும். விரலால் பிழிந்தால்தான் மிச்சம் வெளியே வரும். கிரீமைக் கிண்ணத்தில் நுரைப்பவர்களுக்குப் பேட்ஜர் அருமை. கெட்டிச் சோப்பை நேராக முகத்திலேயே நுரைப்பவர்களுக்குப் பன்றிமயிர்தான் என் பரிந்துரை. விலையை வைத்து ஒன்றை மேலே, மற்றதைக் கீழே என்று அடுக்காமல், நீங்கள் பயன்படுத்தும் சோப்பையும் நுரைக்கும் முறையையும் சேர்த்து உங்கள் அனுபவத்தை எழுதினால் புதியவர்களுக்கு உண்மையிலேயே உதவும்.

மறுமொழி 1

ஐயா, நீங்கள் சொல்லும் பழகும் காலத்தை முழுதாகக் கொடுத்தும் எனக்குப் பன்றிமயிர் ஒத்துவரவில்லை. என் கழுத்தில் முடி சுருண்டு தோலுக்குள்ளேயே வளரும். மழித்த மறுநாள் சிறு சிறு பருக்களாகக் கிளம்பும். கன்னத்தில் பிரமாதமாக இருந்த அதே பிரஷ், கழுத்துக்கு வந்ததும் தோலைச் சிவக்கவைத்தது. மூன்றுபட்டை சில்வர்டிப்புக்கு வந்த பிறகுதான் நிம்மதி. அதையும் கழுத்தில் சுழற்றுவதில்லை. சுவருக்கு வெள்ளையடிப்பதுபோல் மேலும் கீழும் தடவுகிறேன். சோப்பு ஏறத் தாமதமாகும் என்று நீங்கள் சொன்னது உண்மை. நான் கிரீம்தான் பயன்படுத்துகிறேன் என்பதால் அது எனக்குக் குறையாகப் படவில்லை.

பேட்ஜர் வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ப்யூர், பெஸ்ட், சூப்பர், சில்வர்டிப் என்று தரத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்களே, அதற்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒருவர் சூப்பர் என்பதை இன்னொருவர் பெஸ்ட் என்பார். "ப்யூர்" என்ற பெயரைப் பார்த்து உயர்தரம் என்று எண்ணிவிடாதீர்கள்; வழக்கமான வரிசையில் அதுதான் அடிமட்டம். நண்பர் ஒருவருக்கு அன்பளிப்பாக வந்த ப்யூர் பேட்ஜர், நான் விட்டுவிட்ட பன்றிமயிர் பிரஷ்ஷைவிட மோசமாகக் குத்தியது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தோம். குவிந்த வடிவம் வருவதற்காக நுனிகளைக் கத்தரித்திருந்தார்கள். ஒவ்வொரு மயிரும் மொட்டையாக முடிந்திருந்தது. நுனி வெட்டுப்பட்டால் எந்த விலங்கின் மயிரும் குத்தத்தான் செய்யும்.

மறுமொழி 2

கடைசல் பிடித்துக் கைப்பிடி செய்து, மயிர்க்கற்றை பொருத்திக் கொடுப்பது எனக்குப் பொழுதுபோக்காகத் தொடங்கி இப்போது பாதித் தொழிலாகிவிட்டது. விலங்கின் பெயரைக் கேட்பதற்கு முன் இரண்டு அளவுகளைக் கேளுங்கள் என்பேன். ஒன்று, கற்றையின் அடி விட்டம். மற்றொன்று, கைப்பிடிக்கு மேலே மயிர் நிற்கும் உயரம். 24 மி.மீ. விட்டமுள்ள பேட்ஜர் கற்றையை 55 மி.மீ. உயரத்தில் நிறுத்தினால் குழைந்து விரியும். அதையே கைப்பிடிக்குள் ஆழமாக இறக்கி 48 மி.மீ. ஆக்கினால் விறைத்து நின்று சோப்பைச் சுரண்டும். "பேட்ஜர் தொளதொளவென்று இருக்கிறது, பன்றிமயிருக்கே திரும்பிவிடுகிறேன்" என்று ஒருவர் என்னிடம் வந்தார். அதே வகைக் கற்றையில் இன்னொன்றை எடுத்து, குழியை ஆழமாகக் கடைந்து ஒட்டிக் கொடுத்தேன். இன்றுவரை அந்த பிரஷ்தான் அவருக்கு. தொடக்கப் பதிவில் சொன்ன "மடிந்து படுக்கும்" குறை பேட்ஜருக்கே உரியதல்ல. உயரத்தைக் குறைத்தால் பெருமளவு போய்விடும். பன்றிமயிர்க் கற்றைகளில் 55 முதல் 65 மி.மீ. வரை உயரம் சாதாரணம். தண்டு தடிமன் என்பதால் அந்த உயரத்தைத் தாங்குகிறது. குட்டையாக வைத்தால் வளையவே வளையாது.

கறுப்புப் பட்டை தெரிகிறது என்பதற்காகப் பேட்ஜர் என்று நம்பிவிட வேண்டாம். பன்றிமயிரில் சாயமேற்றிப் பட்டை போடுவது வெகுநாளாக நடப்பதுதான். உதிர்ந்த மயிர் ஒன்றை வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள். பேட்ஜர் மயிர் நடுவில் தடித்து அடியை நோக்கி மெலியும். பன்றிமயிருக்கு அடியில்தான் தடிமன்.

பழைய பிரஷ்களைத் தேடி வாங்குகிறவர்கள் இதையும் அறிந்திருக்க வேண்டும். முதல் உலகப் போரின்போது பேட்ஜர் மயிர் வரத்து தடைபட்டதால், குதிரைமயிரைப் பேட்ஜர்போலத் தோன்றவைத்து பிரஷ் செய்தார்கள். சரியாகக் கிருமிநீக்கம் செய்யாத அந்த மயிர் வழியே பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் படைவீரர்களுக்கும் பொதுமக்களுக்கும் ஆந்த்ராக்ஸ் என்னும் கொடிய நோய் தொற்றியது. அக்காலத்துக் கைப்பிடிகளின் அழகுக்கு ஈடில்லை. ஆனால் மயிரை மாற்றாமல் அவற்றை முகத்தில் வைப்பதற்கு நான் உடன்படமாட்டேன்.

மறுமொழி 3

எங்கள் வீட்டுத் தண்ணீர் கடினநீர். சோப்புப் படிவு பேட்ஜரின் நுனிகளில் சேர்ந்து, மென்மை போய்ப் பிசுபிசுக்கிறது. வெள்ளை வினிகர் சிறிதளவு கலந்த நீரில் அலசினால் பழைய நிலைக்குத் திரும்புகிறது. பன்றிமயிரில் இந்தத் தொல்லை எனக்கு அவ்வளவாகத் தெரியவில்லை.

மறுமொழி 4

பேட்ஜரை நான் விட்டதற்குக் காரணம் நுரை அல்ல. பிரஷ்ஷுக்கான பேட்ஜர் மயிர் பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது. அங்கே அந்த விலங்குகளைக் கூண்டில் அடைத்து வைத்திருக்கும் நிலையைப் பீட்டா அமைப்பு 2018-இல் காணொளியாக வெளியிட்டது. பார்த்த பிறகு அந்த பிரஷ்ஷை முகத்தருகே கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை. பிரிட்டனில் உரிமமின்றிப் பேட்ஜரைக் கொல்வதும், அதைத் துன்புறுத்துவதும் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இவ்வளவு அருமையாகக் காக்கப்படும் விலங்கின் மயிர் வேறோரிடத்திலிருந்து வந்துவிட்டால் மட்டும் கேள்வி இல்லை என்பது எனக்கு உறுத்துகிறது. பன்றிமயிர் இறைச்சித் தொழிலின் உபபொருளாகக் கிடைப்பது என்பதால் அது பரவாயில்லை என்பவர்கள் உண்டு. சமயக் காரணத்தால் அதைத் தொடாத நண்பர்களும் எனக்கு உண்டு. இங்கே தரத்தைப் பற்றி எழுதும் அனைவரும் மயிர் எங்கிருந்து, எப்படி வருகிறது என்பதையும் விற்பவரிடம் கேட்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இப்போது என்னிடம் இருப்பது செயற்கை இழை. ஊறவைக்க வேண்டாம், பழக்க வேண்டாம், விரைவில் காய்கிறது. அழுத்தினால் எகிறும் அந்தத் துள்ளல் மட்டும் பிடிபடச் சிறிது காலம் ஆயிற்று.

மறுமொழி 5

ஐயா, உங்கள் பதிவைப் படித்துவிட்டுத்தான் பன்றிமயிர் பிரஷ் வரவழைத்தேன். நீரில் நனைத்ததும் குளியலறை முழுக்க விலங்கு வாடை. நாலைந்து மயிர்களும் உதிர்ந்தன. திருப்பி அனுப்பிவிடலாமா, வைத்துக்கொள்ளலாமா?

தொடக்கப் பதிவரின் பதில்

வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. ஷாம்பூ இட்டு நன்றாக நுரைத்து அலசுங்கள். பிறகு உங்கள் ஷேவிங் சோப்பால் கெட்டியாக நுரைத்து, அந்த நுரையோடே இரவு முழுக்க விட்டுவிட்டுக் காலையில் கழுவுங்கள். சில முறை இப்படிச் செய்தால் வாடை அடங்கிவிடும். தொடக்கத்தில் ஒன்றிரண்டாக மயிர் உதிர்வது இயல்பு. கொத்தாக வந்தால் அடியில் பசை பிடிக்கவில்லை என்று பொருள். அப்போது தயங்காமல் திருப்பி அனுப்புங்கள்.

ஊறவைக்கும்போது மயிர் மட்டும் மூழ்கட்டும். கைப்பிடியும் மயிரும் சேரும் இடத்துக்கு மேலே நீர் வர வேண்டாம். கொதிக்கும் நீர் கூடவே கூடாது; பசையும் கெடும், மயிரும் நொறுங்கும். இந்தச் சில வாரங்களுக்குக் கன்னத்தில் குத்துகிறது என்றால் உள்ளங்கையிலோ கிண்ணத்திலோ நுரைத்து, விரலால் எடுத்து முகத்தில் பூசிக்கொள்ளுங்கள். நுனி பிளப்பது அதிலும் நடக்கும். பயன்படுத்தி முடித்ததும் உதறி, துண்டில் ஒற்றிவிட்டுக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பன்றிமயிர் உள்ளுக்குள் நீரைக் குடித்திருப்பதால் முழுதாகக் காய நேரம் பிடிக்கும். தினமும் மழிப்பவராக இருந்தால் இன்னொரு பிரஷ்ஷையும் வைத்துக்கொண்டு ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றுங்கள். அந்த இரண்டாவது பிரஷ் பேட்ஜராகவோ செயற்கை இழையாகவோ இருந்தால் இன்னும் நல்லது. ஒரே சோப்பில் இரண்டையும் நீங்களே ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். என்ன சோப்பு பயன்படுத்துகிறீர்கள் என்று சொல்லவில்லையே?